ஆரஞ்சு மிட்டாய் வாய்ப்பூட்டு

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் எங்கள் அண்ணியைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஊரை விட்டுவிட்டு அண்ணியைப் பற்றிச் சொல்லியிருப்பார்.

அண்ணி என் அண்ணனின் மனைவி. குடும்ப நல அலுவலகம் ஒன்றில் மூத்த சமூகப் பணியாளர். நானும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறேன். வாசலுக்கு நேரே வரவேற்பு மேசை, ஒரு ஃபோன், வருகிறவர்களுக்காக ஒரு மிட்டாய்க் கிண்ணம், நான். என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில் இருப்பார். அதனால் நான் அண்ணன் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன், சாப்பாடு கீழே. காலையில் பல் தேய்க்கும்போது காதில் விழ ஆரம்பிக்கும் அண்ணியின் குரல் படுக்கப் போகும்வரை கூடவே வரும். நாத்தனார் என்றால் குறை சொல்பவள் என்று உலகத்தில் ஒரு பேர் உண்டு. அந்தப் பேரைக் காப்பாற்ற நான் பெரிதாகக் கஷ்டப்பட வேண்டியிருந்ததில்லை.

அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுகிறான். அவன் தலைக்கு மேலே ‘ஓட்டுநருடன் பேசாதீர்’ என்று எழுதியிருக்கும். “அதே மாதிரி இன்னொரு போர்டு கிடைக்குமான்னு டிப்போவுல கேட்டிருக்கேன், வீட்டுல மாட்ட” என்பான். அண்ணி சிரிப்பார். சிரித்துக்கொண்டே பேசுவார்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அண்ணியை அடித்துக்கொள்ள ஆளில்லை. அழுதுகொண்டு வந்தவர்கள் அவர் அறையிலிருந்து மூக்கைச் சிந்திச் சிரித்துக்கொண்டு போவதை நான் தினமும் பார்க்கிறேன். அவர் கைப்பையில் மூன்று பவரில் மூன்று படிக்கும் கண்ணாடிகள் இருக்கும். விண்ணப்பத்தை வாங்கிக் கண்ணைச் சுருக்கும் வயசானவர்களுக்கு ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, தெரிகிறதைக் கொடுத்துவிடுவார். இவ்வளவு கவனம் உள்ள மனுஷிக்கு, எதிரில் இருப்பவர் மூச்சு விட வாய் திறந்தாரா, பேச வாய் திறந்தாரா என்பது மட்டும் தெரியவே தெரியாது.

சமூகப் பணி படிக்கும் பிள்ளைகளைக் கல்லூரி கடைசி வருஷத்தில் எங்கள் மாதிரி அலுவலகங்களுக்குக் களப்பயிற்சிக்கு அனுப்பும். ஒவ்வொருவரும் அனுபவமுள்ள ஒருவரின் பொறுப்பில் வருவார்கள். கூடவே வீடுகளுக்குப் போவார்கள். வாரம் ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு, என்ன செய்தோம், ஏன் செய்தோம், எதற்குப் பயந்தோம் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். அந்த ஒரு மணி நேரம் மாணவருடையது. அண்ணியின் அறையில் நடந்த ஒரு மணி நேரங்களில் என் மேசை வரை கேட்டதெல்லாம் ஒரே குரல்தான், அது மாணவர் குரல் இல்லை.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அண்ணி மாணவியாக இருந்தபோது அவருக்கு வாய்த்த மேற்பார்வையாளர் ஒரு பருவம் முழுக்கத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் துணியைக் கொடுத்து அலமாரி துடைக்கச் சொல்லிவிட்டாராம். “என்கிட்ட வர்ற பிள்ளைங்களை ஒரு நிமிஷம்கூடத் தனியா விடமாட்டேன்” என்று அன்றைக்கே அண்ணி சபதம் எடுத்தார். எடுத்த சபதத்தைக் காப்பாற்றவும் செய்தார். வாழைப்பழத்தை உரித்து வாயில் வைத்ததோடு நிற்காமல், மென்றும் கொடுத்தார்.

முதலில் வந்த பையன் பாதிப் பருவத்தில் வேறு இடம் கேட்டுப் போய்விட்டான். அடுத்த வருஷம் வந்த பெண்ணும் போய்விட்டாள். பிறகுதான் கல்லூரிக்காரர் வந்தார். களப்பயிற்சிக்குப் பொறுப்பானவர், ஒல்லியான ஆள். அவர் பேசுவதைக் கேட்க நாம் முன்னால் குனிய வேண்டும். நான் டீ கொண்டுபோனபோது அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பேருமே பஸ் தூரம்னுதான் காரணம் எழுதினாங்க. நேர்ல கேட்டப்போ வேற சொன்னாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“எனக்கு அங்க வேலையே இல்ல சார்னு சொன்னாங்க. ரெண்டு பேருமே.”

டீயை வைத்துவிட்டு நான் மேசையைத் துடைத்தேன். துடைக்க ஒன்றும் இல்லை, இருந்தாலும் துடைத்தேன்.

“மேற்பார்வையாளர்களுக்கு நாங்க ஒரு பயிற்சி நடத்துறோம், வாங்க. மாசக் கூட்டத்துக்கும் வாங்க. இன்னொரு மாணவியை அனுப்பறேன். பாதிப் பருவத்துல நானே வந்து அவங்ககிட்ட கேப்பேன். அவங்களும் போறேன்னு சொல்லிட்டா, இனிமே உங்ககிட்ட யாரையும் அனுப்ப முடியாதுங்க. என் கையில இல்ல.”

அன்று இரவுச் சாப்பாட்டில் அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் பயந்துபோய், “டாக்டர்கிட்ட போலாமா?” என்றான். அண்ணி தட்டைத் தள்ளிவிட்டு அழுதார். “நான் பட்டதை யாரும் படக்கூடாதுன்னுதானே பண்ணேன். என்கிட்ட வந்த பிள்ளைங்களுக்கு வேலையே இல்லாம போச்சாமே” என்றார். இந்த மனுஷியை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று அந்த நிமிஷம்வரை எனக்கே தெரியாது.

பயிற்சி சனிக்கிழமைகளில் நடந்தது. வீட்டுப்பாடமும் உண்டு: வீட்டில் யாரையாவது மாணவராக நடிக்கச் சொல்லிப் பழக வேண்டும். அண்ணன் மாணவன், நான் வந்து பார்க்கும் கல்லூரிக்காரர்.

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு தொடங்கினான். “மேடம், இன்னிக்கு ஒரு வீட்டுக்குப் போனேன்…”

“யார் வீட்டுக்கு? மணி அடிச்சியா, கதவைத் தட்டினியா? தட்டக்கூடாது, வயசானவங்க பயப்படுவாங்க. உள்ள போன உடனே உக்காந்துட்டியா? அவங்க சொல்ற வரைக்கும் உக்காரக்கூடாது. போன வருஷம் நான் ஒரு வீட்டுக்குப் போனப்போ…”

அந்தப் போன வருஷம் முடிந்தபோது குழம்பு ஆறிவிட்டது. அண்ணன் எழுந்து என்னிடம் வந்து, “நானும் போறேன் சார், பஸ் தூரம்” என்றான். மூன்று பேரும் சிரித்தோம், அண்ணியும்தான். ஆனால் சிரித்து முடித்ததும் முகம் வாடிவிட்டது.

மாணவி வந்து சேர்ந்தாள். அவளுக்கு நான் வைத்த பேர் நிதானம். ஒரு வாக்கியத்தைத் தொடங்குவாள், நிறுத்துவாள், மின்விசிறியைப் பார்ப்பாள், பிறகு மீதியைச் சொல்வாள். இடையில் நான் இரண்டு ஃபோனை எடுத்துப் பேசி வைத்துவிடுவேன். ரயிலையும் மாட்டு வண்டியையும் ஒரே தண்டவாளத்தில் விட்ட மாதிரி, அண்ணியிடம் இவளையா அனுப்புவார்கள் என்று கல்லூரிக்காரர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அவளுக்குக் கொடுத்த வேலை ஒரு பெரியவரைப் பற்றியது. பல் செட் தயாரிக்கும் கூடத்தில் நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதம் முன்னால் மனைவி இறந்துவிட்டார். அதிலிருந்து மனுஷர் வெறும் ரொட்டியைத் தின்றுகொண்டு வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார் என்று மருத்துவமனையிலிருந்து எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அடுத்த தெருவிலேயே வயசானவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு போடும் கூடம் இருக்கிறது. வரமாட்டேன் என்கிறார். ஏன் என்று கேட்டால், “நல்லா இருக்கேன்” என்கிறார். சமையலறைக் கதவை யாருக்கும் திறப்பதில்லை.

முதல் இரண்டு தடவையும் அண்ணி கூடப் போனார். அண்ணி பேசினார். சாப்பாட்டுக் கூடத்தின் பெருமை, சத்துணவின் அருமை, தனிமையின் தீமை. பெரியவர் இரண்டு தடவையும் “நல்லா இருக்கேன்மா” என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார். நிதானம் இரண்டு தடவையும் அண்ணியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

அதற்கு மறுநாள் நிதானம் என் மேசைக்கு வந்தாள். நின்றாள். மேலே பார்த்தாள்.

“அக்கா… கல்லூரியில… ஃபீல்ட் ஒர்க் சாரோட நம்பர்… கிடைக்குமா?”

அந்த நம்பர் எனக்கு மனப்பாடம். மறந்துபோச்சு என்று சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன். ராத்திரி தூங்காத முகம். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அண்ணியிடம் சொல்லவில்லை. சொன்னால் நேரே அந்தப் பெண்ணிடம் போய், ‘ஏன் போறே, எதுக்குப் போறே’ என்று இரண்டு மணி நேரம் பேசுவார். அதோடு அவள் அன்றைக்கே போய்விடுவாள்.

அந்த மாதக் கூட்டம் எங்கள் அலுவலகத்தில் நடக்கிற முறை. மாணவர்களைப் பொறுப்பேற்றவர்கள் மாதம் ஒருமுறை கூடித் தங்கள் சங்கடங்களைப் பேசிக்கொள்வார்கள். ஒருவர் மருத்துவமனையில் இருப்பவர். எந்த மாணவரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லமாட்டார், தப்பாகச் செய்தாலும் தடவிக் கொடுப்பார். அண்ணி அவருக்கு வைத்த பேர் பஞ்சு. இன்னொருவர் சிறைச்சாலையில் சமூகப் பணி செய்பவர். எதைச் சொன்னாலும் எங்கே, எப்போது, யார் சாட்சி என்று கேட்பார். அவர் பேர் ஜெயிலர். இன்னும் நாலைந்து பேர். கல்லூரிக்காரர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

நான் டீத் தட்டோடு நுழைந்தபோது அண்ணியின் முறை.

“எனக்கு ஒரு சங்கடம். என் ஸ்டூடண்ட் ஒரு பெரியவர் வீட்டுல…”

“சின்னப் பொண்ணு பாவம், விட்டுப் பிடிங்க” என்றார் பஞ்சு.

“எத்தனை தடவை போனீங்க? யாரு பேசினது?” என்றார் ஜெயிலர்.

“நான் என்ன சொல்ல வர்றேன்னா…”

“முதல்ல அவரோட சொந்தக்காரங்களைப் பாருங்க” என்றார் ஒருவர். “டாக்டரைப் பாருங்க” என்றார் இன்னொருவர். ஒரே தொழில்காரர்கள் அத்தனை பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் வேறு என்ன நடக்கும்? அத்தனை பேருக்கும் உதவி செய்தே பழக்கம். அண்ணி ஆறு தடவை வாய் திறந்தார், ஆறு தடவையும் யாரோ உதவிக்கு வந்துவிட்டார்கள்.

“என்னை முடிக்க விடுங்களேன்!” என்று அண்ணி எழுந்து மேசையைத் தட்டினார். டீ தளும்பியது. “நான் என்ன கேக்க வந்தேன்னே யாரும் கேக்கலையே!”

அண்ணி நின்றபடியே இருந்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

“ஐயோ” என்றார், வேறு குரலில். “அவளுக்குத் தினமும் இப்படித்தான் இருக்குமா?”

“இருக்கலாம்” என்றார் கல்லூரிக்காரர்.

அப்புறம், பேசாமல் இருப்பது எப்படி என்று அத்தனை பேரும் நெடுநேரம் பேசினார்கள். மனசுக்குள் பத்து எண்ணச் சொன்னார் ஒருவர். அண்ணி ஒரே மூச்சில் பத்தைத் தாண்டிவிடுவார். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார் பஞ்சு. அண்ணி கையில்லாமலும் பேசுவார். எனக்குப் பொறுமை போய்விட்டது. பாதிப் பருவம் நெருங்குகிறது, அந்தப் பெண் ஃபோன் நம்பரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள், இங்கே கூட்டம் போட்டுக் கையை எங்கே வைப்பது என்று ஆராய்ச்சி. வெளியே போய் என் மேசையிலிருந்த மிட்டாய்க் கிண்ணத்தை எடுத்துவந்து அண்ணி முன்னால் டங்கென்று வைத்தேன். கண்ணாடித் தாளில் சுற்றிய கெட்டி ஆரஞ்சு மிட்டாய். கடித்தால் பல்லுக்கு உத்தரவாதம் கிடையாது.

“ஒண்ணை எடுத்து வாயில போட்டுக்கோங்க. கடிக்கக்கூடாது. கரையற வரைக்கும் வாய் திறக்கக்கூடாது. கரைஞ்சா அடுத்தது.”

ஜெயிலர் எழுந்து எனக்குக் கை கொடுத்தார்.

மூன்றாவது தடவை அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போன கதையை அண்ணி சொன்னபடி சொல்கிறேன், அவர் சேர்த்த மசாலாவைக் கழித்துக்கொண்டு.

வாசலிலேயே முதல் மிட்டாயைப் போட்டுக்கொண்டாராம். உள்ளே கூடத்தில் மூன்று நாற்காலி, சாத்திய சமையலறைக் கதவு. நிதானம் கேட்டாள், “எப்படி இருக்கீங்க ஐயா?” “நல்லா இருக்கேன்மா.” வழக்கமாக அண்ணி பாய்கிற இடம் இதுதான். இந்தத் தடவை யாரும் பாயவில்லை. நிதானத்துக்கு அவசரமே இல்லை. அவள் அவளுடைய வேகத்தில் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைக்கிற சத்தம். அண்ணிக்கு வியர்த்தது. சாப்பாட்டுக் கூடத்தின் நேரம், விலாசம், அங்கே ஜன்னலோரம் காலியாக இருக்கும் இடம், எல்லாம் நாக்கு நுனியில் நிற்கிறது. முதல் மிட்டாய் கரைந்தது. கைப்பையைத் துழாவி அடுத்ததைப் போட்டார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உப்பிய கன்னம், வியர்வை, கலங்கிய கண்.

“அம்மாவுக்கு என்ன, பல்வலியா?”

அண்ணி இல்லை என்றுதான் சொல்லப் போனாராம். மிட்டாயைத் தாண்டி வந்தது “ம்” மட்டும்.

“வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிச்சா கேக்கும்” என்று பெரியவர் எழுந்தார். சமையலறைக் கதவுவரை போனார். தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று அண்ணிக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு திறந்துகொண்டு உள்ளே போனார். நிதானம் எழுந்து பின்னாலேயே போனாள்.

அண்ணி பாதி எழுந்தார். எழுந்தவர் திரும்ப உட்கார்ந்தார். “என் வாழ்க்கையிலேயே அதைவிடக் கஷ்டமான வேலை நான் செஞ்சதில்ல” என்றார் எங்களிடம். நான் நம்புகிறேன்.

உள்ளே சத்தமே இல்லை. அப்புறம் பெரியவரின் குரல், தணிந்து, விட்டு விட்டு. நிதானத்தின் குரல் கேட்கவே இல்லை. அப்புறம் குழாய்த் தண்ணீர் நெடுநேரம் ஓடியது. கடைசியில் பெரியவர் ஒரு கப்போடு வந்தார். வெள்ளைக் கப், விளிம்பில் நீலக் கோடு. அண்ணி முற்றத்தில் போய்க் கொப்பளித்தார். உப்பு கொஞ்சம் தூக்கலாம்.

“உள்ள என்னதான் நடந்துச்சு?” என்று கேட்டான் அண்ணன்.

“தெரியலையே! பஸ்ல வரும்போது இன்னொரு மிட்டாயைப் போட்டுக்கிட்டேன். அவளா சொல்லட்டும்.”

வியாழக்கிழமை அவர்களுடைய ஒரு மணி நேரம். என் மேசை வரை எந்தச் சத்தமும் வரவில்லை. எனக்கே பயமாக இருந்தது. கதவு திறந்தபோது நிதானம் வழக்கம்போல மெதுவாக வந்தாள். அண்ணி மூக்கெல்லாம் சிவந்து, நேரே முகம் கழுவப் போனார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் வீட்டுச் சமையலறை விஷயம் எங்கள் தொழிலில் கதவைத் தாண்டாது. பிற்பாடு பெரியவரே என் எதிரில் உட்கார்ந்து சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் மனைவி டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மயக்கம் வந்திருக்கிறது. பாதிக் கப்பைத் தொட்டியோரம் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. அந்தப் பாதி டீ அங்கேயே இருந்தது. “கொட்டவும் மனசு வரல, பாக்கவும் மனசு வரல. கதவைச் சாத்திட்டேன்.” அண்ணிக்கு வெந்நீர் வைக்க உள்ளே போனபோது அது முன்னால் நின்றது. “இது அவளோடது” என்றார். நிதானம் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள், அவ்வளவுதான். அவர் பேசினார், நிறுத்தினார், மறுபடி பேசினார். அப்புறம் அவரே அதை எடுத்துக் கழுவினார். அன்றைக்கு அண்ணிக்கு உப்புத் தண்ணீர் வந்தது அந்தக் கப்பில்.

கல்லூரிக்காரர் வரும் நாள் வந்தது. காலையிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அண்ணன் டிப்போவிலிருந்து இரண்டு தடவை ஃபோன் செய்து, “என்னாச்சு?” என்று கேட்டுவிட்டான். மூன்று பேரும் அறைக்குள் போனார்கள். யாரும் கேட்கும் முன்பே நான் டீத் தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

கல்லூரிக்காரர் நிதானத்தைக் கேட்டார், “பருவம் தொடங்கினப்போ ஃபோன் பண்ணி, வேற இடம் மாத்தித் தரச் சொன்னீங்க. பாதிப் பருவம் வரைக்கும் பொறுங்கன்னு நான்தான் சொன்னேன். இப்போ சொல்லுங்க. தொடர விருப்பமா?”

ஃபோன் செய்த விஷயம் அண்ணிக்கு அப்போதுதான் தெரியும். முகம் வெளுத்தது. என்னைப் பார்த்தார், நான் தட்டைப் பார்த்தேன்.

நிதானம் மேலே பார்த்தாள். மின்விசிறி சுற்றியது. எனக்கே அவளை உலுக்க வேண்டும்போல இருந்தது. அண்ணியின் வாயில் மிட்டாய் இல்லை, எனக்கு நன்றாகத் தெரியும், கிண்ணத்தை நான் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்தது. பிறகு, யாரும் சொல்லாமலே, மூடிக்கொண்டது.

“ஃபோன் பண்ணது உண்மைதான் சார்” என்றாள் நிதானம். நிறுத்தினாள். “எனக்கு இந்த வேலை வராதுன்னு நினைச்சேன். நான் யோசிக்கறதுக்குள்ள மேடம் முடிச்சிடுவாங்க.” இன்னொரு தடவை நிறுத்தினாள். “அந்தச் சமையல்கட்டுல… நான் ஒண்ணும் பண்ணல. நின்னேன். அதுவே ஒரு வேலைன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. மேடம் எழுந்து உள்ள வரல. வந்திருந்தா…” மின்விசிறி. “வந்திருந்தா, கப்பை அவங்களே கழுவியிருப்பாங்க.”

“கழுவியிருப்பேன்” என்றார் அண்ணி. அந்த ஒரு வார்த்தைதான்.

“நான் இங்கயே இருக்கேன் சார்” என்றாள் நிதானம்.

நான் டீயைக் கொடுக்காமலே தட்டோடு வெளியே வந்துவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், என் மேசைக்கு எதிரில் ஒரு பெரியவர் நிற்கிறார். சலவைச் சட்டை, படிய வாரிய தலை.

“பல்வலிக்காரம்மா இருக்காங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாதக்கணக்கில் வாசலைத் தாண்டாத மனுஷர்! உட்காரவைத்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் பேர் கொடுக்க வந்திருப்பதாகச் சொன்னார். கேட்காமலே கப் கதையையும் சொன்னார். நான் டீத் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். ஒரு கப்பை எடுத்து, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு வைத்தார்.

அறைக்கதவு திறந்து மூன்று பேரும் வந்தார்கள். பெரியவர் எழுந்தார். “இப்போ பல்லு எப்படிம்மா இருக்கு?”

அண்ணி கையைப் பிசைந்தார். “ஐயா, தப்பா நினைக்காதீங்க. எனக்குப் பல்வலியே இல்ல. அன்னிக்கு வாயில…”

“ஆரஞ்சு மிட்டாய்” என்றார் பெரியவர். “வாசல்லயே வாசனை வந்துச்சே. நாப்பது வருஷம் பல்லோட குடித்தனம் பண்ணவன்மா நான். வலியில வீங்கின கன்னம் எது, மிட்டாய்ல உப்பின கன்னம் எதுன்னு தெரியாதா?”

“அப்புறம் ஏன் ஐயா வெந்நீர்…”

“என்ன பண்றதும்மா? வர்றவங்க எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்தாங்க. எனக்காக வாயை மூடிக்கிட்டு இப்படி அவஸ்தைப்பட்டவங்க நீங்க ஒருத்தர்தான். பாக்க சகிக்கல. உங்களுக்கு ஏதாவது பண்ணணும்போல இருந்துச்சு, எழுந்துட்டேன். எழுந்த பிறகுதான் கதவு ஞாபகமே வந்துச்சு.”

நிதானம் அண்ணியின் கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

பெரியவர் என் கிண்ணத்தைப் பார்த்தார். “ஆனா ஒண்ணு. இது பல்லுக்கு எமன். இந்தம்மாகிட்ட இதைக் குடுக்காதீங்க” என்று என்னைக் கண்டித்தார். கண்டித்துவிட்டு ஒன்றை எடுத்துத் தாளைப் பிரித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

“நீங்க மட்டும் சாப்பிடலாமா?” என்றேன்.

“எனக்கு ஒண்ணும் ஆகாது” என்றார், கன்னம் உப்ப. “இது நானே பண்ண செட்.”